சிறு விமானத்தில் செயற்கைக்கோள் இணையம்: அயித்தானின் செஸ்னாவில் கற்றது

அயித்தான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்கு வடக்கே குடியிருக்கிறார். அக்காளை ஆச்சி என்றும் அக்காள் கணவரை அயித்தான் என்றும் அழைப்பது எங்கள் செட்டிநாட்டு வழக்கம் என்பதால், இந்தக் கட்டுரையிலும் அவர்களை அப்படியே குறிப்பிடுகிறேன். கணிப்பொறி வேலையில் இருக்கும் அயித்தான், நண்பர்கள் இருவரோடு பங்கு சேர்ந்து, 1970களில் கட்டப்பட்ட நான்கு இருக்கை செஸ்னா 182 விமானம் ஒன்றை வைத்திருக்கிறார். சிறு விமானங்களின் வானொலிகளையும் மின்கருவிகளையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அதே மாநிலத்தில் 18 ஆண்டுகள் வேலை பார்த்த நான், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) உடம்பு முடியாமல் போனதால் 2025 தை மாதத்தில் காரைக்குடிக்குத் திரும்பினேன். திரும்புவதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் என் சனிக்கிழமைகள் பெரும்பாலும் அந்தச் செஸ்னாவுக்குள் செயற்கைக்கோள் இணையத்தைக் கொண்டுவரும் முயற்சியிலேயே கழிந்தன. அதில் எங்கே தவறினோம், எதைத் திருத்திக்கொண்டோம், பிறகு ஓர் இரவு காரைக்குடியில் இருந்தபடியே என்ன தெரிந்துகொண்டேன் என்பதை எழுதி வைத்தால், வெளிநாட்டில் சொந்த விமானம் ஓட்டும் நம்மவர்களுக்கும், விமானப் பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். கைப்பேசிக் கோபுரங்களின் ஆன்டெனாக்கள் தரையில் இருப்பவர்களுக்காகச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டவை. 7,500 அடி உயரத்தில் இருக்கும் பேசிக்கு அவற்றின் ஓரச் சிதறல்தான் கிடைக்கும். அதே நேரம் அது பல கோபுரங்களின் கண்ணில் ஒருசேரப் படுவதால் வலையமைப்புக்கும் தொல்லை. 800 மெகாஹெர்ட்ஸ் செல்லுலார் அலைவரிசையில் பறக்கும் விமானத்திலிருந்து பேசியை இயக்க அமெரிக்காவில் தடையே இருக்கிறது. மேற்கு டெக்சாசின் பொட்டல் வெளிகளில் தரையிலேயே கோபுரம் அரிது என்பது வேறு கதை.

பெரிய தனியார் ஜெட் விமானங்கள் இந்தச் சிக்கலைப் பணத்தால் எப்போதோ தீர்த்துவிட்டன. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களை நம்பிய சேவைகள் அவை. இன்மார்சாட் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த சேவை ஒரு தடத்துக்கு நொடிக்கு 432 கிலோபிட் வரை கொடுத்தது. நாம் கேட்கும் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதேபோல் மேலே போய்க் கீழே வருவதற்கு ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். சிங்கப்பூரிலிருந்து பெரியப்பச்சி பேசும்போது எதிர்முனையில் ஒரு கணம் மௌனம் நின்று, பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது நினைவிருப்பவர்களுக்கு இந்தத் தாமதத்தை விளக்க வேண்டியதில்லை. ஆன்டெனா, பொருத்துகூலி, சான்றிதழ், மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் அயித்தானின் செஸ்னா போல இன்னொன்றை வாங்கிவிடலாம். 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்களோடு துருவம் முதல் துருவம் வரை எட்டும் இரிடியம் இன்னொரு வகை. அதன் குறுந்தரவுச் சேவையில் ஒரு முறைக்கு 340 பைட் அளவுக்குத்தான் அனுப்ப முடியும் என்றாலும், ஆபத்தில் இருக்கும் இடத்தைச் சொல்ல அது தாராளம். அயித்தான் தம் சட்டைப்பையில் அப்படியொரு சிறு கருவியை இன்றும் வைத்திருக்கிறார்; அதை எடுத்துவிடுங்கள் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

சிறு விமானக்காரர்களுக்கு நிலைமையை மாற்றியவை தாழ்வான பாதையில் கூட்டமாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள். 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒன்வெப் கூட்டத்தில் 72 செயற்கைக்கோள்கள் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும், தடவைக்கு 36 வீதம் எல்விஎம்-3 ராக்கெட்டில் போனவை. ஸ்டார்லிங்க் கூட்டம் அதனினும் தாழ்வாக, 600 கிலோமீட்டருக்கும் கீழே சுற்றுகிறது. 2024இல் அந்நிறுவனம் ‘மினி’ என்ற பெயரில் கொண்டுவந்த தட்டு, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் 26 சென்டிமீட்டர் அகலமும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடையும் கொண்டது. வைஃபை கருவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டுத் தாம்பாளத்தைவிடச் சிறிய பொருள். அயித்தான் 2024 ஆகஸ்டில் அதை வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்து, “தம்பி, இதை எங்கே வைக்கலாம், சொல்” என்றார்.

எங்கே வைப்பது என்பதுதான் இந்த விஷயத்தில் பாதி. அதை எனக்குத் தெரிந்த வரையில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவைவிட (நடுமுற்றத்தைவிட) நன்றாக விளக்கும் இடம் வேறில்லை. போன மாசியில், முன்னோரை வணங்கும் படைப்புக்காக எல்லோரும் கானாடுகாத்தான் வீட்டில் கூடியிருந்தபோது, அயித்தானின் மகனும் அவன் வயதுப் பிள்ளைகளும் இந்தத் தட்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வளவின் நடுவில் கல்தரையில் வைத்து, அதன் பக்கத்தில் ஒவ்வொருவராக மல்லாந்து படுக்கச் சொன்னேன். நான்கு பக்கமும் ஓட்டுச் சரிவு இறங்க, நடுவில் ஒரு சதுர வானம் தெரிந்தது. இந்தச் சதுரத்துக்குள் ஒரு செயற்கைக்கோள் நுழைந்து வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் ஓடும் பொருள் அது; தட்டு அசையாமல் கிடக்க, அதன் கதிரை மட்டும் மின்னணு முறையில் திருப்பித் திருப்பி ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். ஸ்டார்லிங்கில் எந்தத் தட்டு எந்தச் செயற்கைக்கோளோடு பேசுவது என்ற ஒதுக்கீடு 15 நொடிக்கு ஒரு முறை மாறுகிறது. மினி தட்டுக்கு 110 பாகை அகலத்துக்கு வானம் தேவை. வளவுச் சதுரம் அதில் பாதியைக்கூடத் தராது. பிறகு தாம்பாளத்தை மாடிக்குக் கொண்டுபோய் வைத்ததும், இளையவன் தானாகவே, “இங்கேதான் நல்லா எடுக்கும்” என்றான்.

செஸ்னா 182இன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறது. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த இறக்கை நம் வீட்டுத் தாழ்வாரம் போல வானத்தை மறைத்துவிடும். இறக்கை கீழே இருக்கும் பைப்பர் போன்ற விமானங்களில் இந்தத் தொல்லை குறைவு. நாங்கள் முதலில் முன் கண்ணாடிக்குக் கீழே, கருவிப் பலகையின் மேற்பரப்பில் தட்டை வைத்தோம். சமிக்ஞை நன்றாகவே வந்தது. ஆனால் தட்டை இயக்கியதும் கண்ணாடியின் நடுவே தொங்கும் காந்தத் திசைகாட்டி தன் இடத்தை விட்டு விலகி நின்றது. அணைத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. மற்ற எல்லாத் திசைக் கருவிகளும் செத்துப்போனால் கடைசியில் நம்ப வேண்டிய கருவி அது. கருவிப் பலகை மேல் வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டை அணைத்தும் இயக்கியும் திசைகாட்டியை ஒருமுறை பார்த்தீர்களா என்று கேட்டால் பலரிடம் பதில் வராது.

பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, சாமான் வைக்கும் இடத்துக்கு மேல் வைத்தபோது எல்லாம் ஒழுங்காயிற்று. அதிலும் முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. நிறுத்தி வைக்கும்போது வெயிலுக்காகப் போடும் வெள்ளி நிறத் திரையைப் பின்கண்ணாடியிலிருந்து எடுக்க மறந்துவிட்டு, ஏன் இணைப்பே வரவில்லை என்று இருபது நிமிடம் தரையில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டோம். அலுமினியப் பூச்சு ரேடியோ அலைக்குச் சுவர் போன்றது. சில விலையுயர்ந்த விமானங்களில் பனி உருக்குவதற்காகக் கண்ணாடிக்குள்ளேயே மெல்லிய உலோகப் படலம் வைத்திருப்பார்கள்; அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தட்டை வைத்தாலும் இதே கதிதான். வாங்குவதற்கு முன் உங்கள் விமானத்தின் கண்ணாடி எப்படிப்பட்டது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தால் மட்டும் போதாது, கட்ட வேண்டும். கோடைப் பகலின் வெப்பக் காற்றில் சிறு விமானம் குலுங்கும்போது ஒரு கிலோ எடையுள்ள தட்டு பின்னாலிருந்து பறந்து வந்து தலையில் விழுந்தால் விளையாட்டல்ல. சாமான் கட்டும் வளையங்களில் இரண்டு பட்டைகளைக் குறுக்காகப் போட்டு இறுக்கினோம். திருகு போட்டுப் பொருத்திவிடலாமே என்று அயித்தான் கேட்டார். ஒரு திருகு போட்டால் கதை மாறிவிடும் என்றேன். கழற்றி எடுத்துச் செல்லும் கருவியாக இருக்கும்வரை, அது வழிகாட்டும் கருவிகளையோ வானொலியையோ பாதிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்வது அங்கே விமானியின் பொறுப்பு. விமானத்தின் உடலோடு நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அது விமானத்தில் செய்த மாற்றம், அதற்கு ஒப்புதல் வேண்டும், ஏட்டில் பதிவு வேண்டும். அயித்தான் பட்டையே போதும் என்று விட்டுவிட்டார்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் நான் அதிகம் கற்றேன். 18 ஆண்டு அனுபவம் இருந்தும் கோட்டை விட்டது இங்கேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டு சராசரியாக 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். அயித்தானின் விமானம் 14 வோல்ட் முறையில் இயங்குவது. சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து யுஎஸ்பி மாற்றி ஒன்றின் வழியாக மின்சாரம் எடுத்தோம். மாற்றி எங்கோ கடையில் மலிவாக வாங்கியது. பறக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அயித்தான் காதுப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இரைச்சல் என்று சொல்லும்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து எங்களை மூன்றாவது முறையாக அழைத்தது மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது.

தரையிறங்கியதும் காரணம் புரிந்தது. விமான வானொலி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. மலிவான யுஎஸ்பி மாற்றிகள் உள்ளே நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுவதால், அதன் கழிவு இந்த அலைவரிசையிலும் கசியும். வலுவான குரல் அந்தக் கசிவை மீறி வந்துவிடும்; தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல் அதில் மூழ்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இயந்திரத்தை இயக்காமல் வானொலியை மட்டும் போட்டு, ஸ்குவெல்ச் என்ற இரைச்சலடக்கியைத் திறந்துவிடுங்கள். சீரான சலசலப்பு கேட்கும். இப்போது மாற்றியைச் செருகித் தட்டை இயக்குங்கள். சலசலப்பின் தன்மை மாறினாலோ, இடையில் விசில் போல் ஏதாவது எழுந்தாலோ அந்த மாற்றியை விமானத்துக்குள் கொண்டுவராதீர்கள். நீங்கள் பேசும் அலைவரிசைகள் ஒவ்வொன்றிலும் இப்படிப் பார்க்க வேண்டும். நாங்கள் மூன்று மாற்றிகளைத் தூக்கிப் போட்ட பிறகு நான்காவது தேறியது. அதன் கம்பியிலும் கசிவை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டினேன்.

இயந்திரத்தைத் தொடக்கும்போது ஸ்டார்ட்டர் மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால், தட்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். ஆகவே இயந்திரம் ஓடத் தொடங்கி, எண்ணெய் அழுத்தமும், இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் சரி என்று பார்த்த பிறகே தட்டின் சுவிட்சைத் தொட வேண்டும். விமானத்தின் மின்சாரமே வேண்டாம், தனி மின்கலத்தில் ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு: 100 வாட்-மணி மின்கலத்தில் மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக 85 கிடைத்தாலும், 30 வாட் இழுக்கும் தட்டுக்கு அது மூன்று மணி நேரம்கூட வராது. லித்தியம் மின்கலம் சூடான அறைக்குள் வெயிலில் கிடக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தத் தட்டு 50 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்கிறார்கள். கேட்க அது போதும் போலத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் மாடியில் வற்றல் காயப்போட்டவர்களுக்கு, காற்றின் வெப்பம் வேறு, வெயிலில் கிடக்கும் பொருளின் வெப்பம் வேறு என்பது தெரியும். செப்டம்பர் பிற்பகலில் ஒரு மணி நேரம் வெளியில் நின்ற செஸ்னாவின் பின்கண்ணாடிக்குக் கீழே தட்டு சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மேலே ஏறிக் குளிர்ந்த காற்று உள்ளே வந்த பிறகுதான் உயிர் வந்தது. இப்போது நிறுத்தும்போதெல்லாம் அயித்தான் அதைக் கழற்றி இருக்கைக்குக் கீழே நிழலில் வைத்துவிடுகிறார்.

இவ்வளவும் சரியான பிறகு இணைப்பு அருமையாகவே இருந்தது. இறக்கையை நன்றாகச் சாய்த்துத் திரும்பும்போது சில நொடி அறுபடும், நேரானதும் சேர்ந்துகொள்ளும். வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். இதுபோன்ற சேவைகளில் எந்தக் கட்டணத் திட்டத்தில் எவ்வளவு வேகம் வரை இயங்கலாம் என்று வரம்பு வைப்பார்கள், அந்த வரம்பை மாற்றவும் செய்வார்கள். தட்டு கணக்கிடுவது தரையை ஒட்டிய வேகம். விமானியின் முள் காட்டும் காற்றுவேகம் அல்ல. 140 நாட் வேகத்தில் போகும் 182, பின்காற்று 40 நாட் அடித்தால் தரைக்கணக்கில் 180 நாட், அதாவது மணிக்கு 333 கிலோமீட்டர் ஆகிவிடும். போகும்போது அறுந்து வரும்போது சேரும் இணைப்பைப் பார்த்துக் கருவியைக் குறை சொல்லாமல், திட்டத்தின் விதிகளைப் படியுங்கள்.

தரவைத் தின்பவை பெரும்பாலும் பயணிகளின் பேசிகள்தான். வைஃபை கிடைத்ததும் அவை படங்களைக் கிடங்குக்கு ஏற்றத் தொடங்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். முதல் நீண்ட பயணத்தில் ஆச்சி, விட்டுப்போன சீரியல் பகுதிகள் நான்கை 7,500 அடியில் பார்த்து முடித்தார். அயித்தானுக்கு வானிலைப் படம் ஒன்று இறங்குவதற்குள் இறங்க வேண்டிய ஊரே வந்துவிட்டது.

அந்த வானிலைப் படத்தைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்பட்டேன். அமெரிக்காவில் 978 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தரைநிலையங்கள் சிறு விமானங்களுக்கு வானிலையைக் கட்டணமின்றி ஒலிபரப்புகின்றன. அயித்தானின் விமானத்தில் அதற்கான ஏற்பி ஏற்கெனவே இருக்கிறது. இணையம் வந்ததும் வண்ணவண்ணமான ரேடார் படம் நொடியில் இறங்கியதால், அவர் பழையதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். படம் வேகமாக இறங்குகிறது என்பதால் அது இப்போதைய மழையைக் காட்டுகிறது என்று ஆகிவிடாது. பல ரேடார்களின் பதிவுகளைத் தைத்துச் செய்யும் படம் அது. இப்படிப்பட்ட படத்தில் எழுதியிருக்கும் நேரத்தைவிட உள்ளே இருக்கும் மழை 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கக்கூடும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஜூனிலேயே விமானிகளை எச்சரித்திருக்கிறது. இடிமேகம் வளர 20 நிமிடம் தாராளம். தொலைவிலிருந்தே இடிமேகத்தைச் சுற்றிப் போக அந்தப் படம் உதவும். இரண்டு மேகங்களுக்கு நடுவே சந்து தேட உதவாது. இதை நான் எத்தனை முறை சொன்னேன் என்று ஆச்சியைக் கேட்டால் சொல்வார்.

பிறகு நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

2025 ஐப்பசியில் ஓர் இரவு எட்டு மணி இருக்கும். மழை விட்டு ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆத்தா சுட்டுப் போட்ட வெள்ளைப் பணியாரத்தை வரமிளகாய்த் துவையலில் தொட்டபோது பேசி அதிர்ந்தது. அயித்தான் ஒரு படம் அனுப்பியிருந்தார். கருவிப் பலகையின் ஓரத்தில் அம்மீட்டர் முள் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் மின்னழுத்தம் 12.3 என்று இருந்தது. 14ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் அது. கீழே, “தம்பி, இது என்ன?” என்று எழுதியிருந்தார். அங்கே காலை ஒன்பதரை. லப்பக் நகரை நோக்கித் தனியாகப் பறந்துகொண்டிருந்தார்.

ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுக்கவில்லை, எல்லாம் மின்கலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. முதலில் அணைக்க வேண்டியது அந்தத் தட்டு. அந்த நேரத்தில் விமானத்தில் தேவையே இல்லாமல் இரண்டரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது அதுதான். ஆனால் அதை முதல் வரியாக எழுதினால், அவர் அணைத்துவிடுவார், அதற்குப் பின் நான் எழுதும் எதுவும் அவரைச் சேராது. துவையல் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதினேன்: கட்டுப்பாட்டாளரிடம் உடனே சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒரே ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் ஒரு வானொலியையும் டிரான்ஸ்பாண்டரையும் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) தவிர மற்றதை அணையுங்கள். ஆபிலீன் பக்கம்தான், ஓடுதளம் நீளமானது, அங்கே இறங்குங்கள். ஃபிளாப் (மெதுவாகத் தரையிறங்க உதவும் இறக்கை மடிப்பு) மின்சாரத்தில்தான் இறங்கும், அதை நம்ப வேண்டாம். இயந்திரம் நிற்காது. இதைப் படித்ததும் தட்டை அணையுங்கள்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதன் பிறகு நான் அனுப்பிய “சரியா?” என்ற செய்திக்கு ஒற்றைச் சாம்பல் கோடு மட்டும் நின்றது. ஆத்தாவிடம், விமான இயந்திரத்தின் தீப்பொறி மேக்னெட்டோ என்ற தனிக்கருவியிலிருந்து வருவது, மின்கலம் செத்தாலும் இயந்திரம் ஓடும் என்று இரண்டு முறை விளக்கினேன். ஆத்தா அதைக் கேட்டுக்கொண்டு பூசை அறைக்குப் போய்விட்டார். 52 நிமிடம் கழித்து இரண்டாவது கோடு விழுந்தது. உடனே ஆச்சியே கூப்பிட்டு, இறங்கிவிட்டார் என்றார். ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு கம்பியின் முனை விரிசல் விட்டுக் கழன்றிருந்ததாம். அரை மணி நேர வேலை.

செயற்கைக்கோள் இணையம் அன்று அயித்தானைக் காப்பாற்றியது என்று உறவில் சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. தட்டு இல்லாத காலத்தில் அவர் முள்ளைப் பார்த்ததும் பக்கத்துப் பையிலிருந்து சோதனைப் பட்டியலை எடுத்திருப்பார். அடுத்த நிமிடம் கட்டுப்பாட்டாளரிடம் பேசியிருப்பார். அன்று அவர் படம் எடுத்து, அதை அனுப்பி, ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் பணியாரம் தின்றுகொண்டிருந்த எனக்காகக் காத்திருந்ததில் நான்கு நிமிடம் போயிற்று. நான் குளித்துக்கொண்டிருந்தால் இன்னும் பத்து நிமிடம் போயிருக்கும். இந்தக் கோபத்தை அன்று நான் அவரிடம் காட்டவில்லை. மாசியில் நேரில் வந்தபோது காட்டினேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

அந்த மாசிப் பயணத்துக்கு முன் இன்னொன்றும் நடந்தது. படைப்பு நடக்கும் வீட்டில் சமிக்ஞை சரியாக வராது என்பதால் தட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரட்டுமா என்று அயித்தான் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் பேசியையோ அதுபோன்ற கருவியையோ நம் நாட்டில் வைத்திருப்பதும் இயக்குவதும் குற்றம்; கையடக்கக் கருவியைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் சிலர் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்குத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது உண்மைதான். அது இங்கே சேவை நடத்த அந்நிறுவனத்துக்குக் கொடுத்தது, டெக்சாஸ் கணக்கில் வாங்கிய தட்டைக் கானாடுகாத்தானில் விரிக்க அயித்தானுக்குக் கொடுத்தது அல்ல. சட்டைப்பையில் இருக்கும் அந்தச் சிறு கருவியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். வளவில் நான் தாம்பாளத்தை வைத்துப் பாடம் நடத்தியதற்குக் காரணம் இதுதான்.

படைப்பு முடிந்த மறுநாள் காலையில், கால்நடைப் பண்ணையை ஒட்டி இருக்கும் பழைய செட்டிநாடு ஓடுதளத்தின் பக்கம் இருவரும் போனோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் இலண்டனுக்கு அருகே கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றதையும், பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தியதையும் அயித்தான் பேசிக்கொண்டு வந்தார். இங்கே ஒரு செஸ்னா இறங்கினால் இணையம் கிடைக்குமா என்று கேட்டார். 2018இல் வந்த நம் விமானத் தொடர்பு விதிகள் இந்திய வான்வெளியில் குறைந்தது 3,000 மீட்டர் உயரத்தைக் கணக்கில் வைத்து, பெரிய விமானங்களையும் உரிமம் பெற்ற சேவையாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. செஸ்னாவை நாம் பெரும்பாலும் ஓட்டுவதே அந்த உயரத்துக்குக் கீழேதான் என்றேன். அவர் தரையில் கிடந்த கருங்கல் சல்லியைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும் முன், தட்டின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு என் கையெழுத்திலேயே ஒரு துண்டு எழுதிக் கேட்டார். ‘முள் இடப்பக்கம் சாய்ந்தால்: பட்டியல், கட்டுப்பாட்டாளர், தட்டை அணை. தம்பி அப்புறம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய பங்குதாரர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது; அதற்குக் கீழே ஆங்கிலத்திலும் ஒன்று ஒட்டிவிடச் சொல்லி அனுப்பினேன்.